உயர்நிலமும் உயிர்மூச்சும்

(விழாவின் இரண்டாம் நாள் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



விழா மேடையில் அறவுரைகளுக்கிடையே உடல்நலம் பற்றியும் ஓர் உரை இடம்பெற வேண்டும் என்று அறக்கட்டளையின் நிர்வாகிகள் விரும்பினர். உடற்செயலியலைப் பல்லாண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில், உயர்ந்த மலைகளில் நம் மூச்சு எவ்வாறு மாறுகிறது என்பதையே பேசுபொருளாக எடுத்துக்கொண்டேன். அதற்குக் காரணம் உண்டு. ஆதிபகவன் முத்தி எய்திய இடமாக நம் முன்னோர் போற்றிய கயிலையைக் காணும் ஆவல் இன்று நம் இல்லங்கள் பலவற்றில் எழுந்துள்ளது. இளைஞர்கள் விடுமுறைக்கு லடாக் செல்கின்றனர். முன்பு மாதக்கணக்கில் நடந்து சென்ற உயரங்களை இப்போது விமானமும் ஹெலிகாப்டரும் சில மணி நேரத்தில் எட்டிவிடுகின்றன.

புறப்படுவோர் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே. "நாள்தோறும் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறேன். சர்க்கரை இல்லை, இரத்த அழுத்தமும் இல்லை. எனக்கு அங்கே மூச்சு முட்டுமா?" முட்டும் என்பதே விடை. ஆயினும் அந்த மூச்சுமுட்டல் பெரும்பாலும் நோயன்று. உடல் தன்னைத் திருத்திக்கொள்ளும் முறை. அத்திருத்தத்திற்கு உடல் கேட்பது வலிமையன்று, காலம். இவ்வொரு கருத்தையே இன்று உங்கள்முன் விளக்க விரும்புகிறேன்.

குறைவது எது?

"மலைமேல் காற்றில் பிராணவாயு குறைவு" என்று சொல்வது வழக்கம். இதனைச் சற்றுத் திருத்திக் கூற வேண்டும். சென்னைக் கடற்கரையிலும் எவரெஸ்ட் உச்சியிலும் காற்றில் பிராணவாயுவின் பங்கு நூற்றுக்கு ஏறத்தாழ 21 தான். விகிதம் மாறுவதில்லை, அழுத்தமே மாறுகிறது. பஞ்சுப் பொதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியிலுள்ள பொதி நெருக்குண்டு இறுகும், மேலுள்ளது தளர்ந்திருக்கும். காற்றும் அவ்வாறே. தன் மேலுள்ள காற்றின் எடையால் கடல்மட்டத்துக் காற்று அடர்ந்தும், மலைமேற் காற்று தளர்ந்தும் உள்ளன. 1648ஆம் ஆண்டு பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞரின் வேண்டுகோளின்படி அவருடைய மைத்துனர் பெரியே, புய்-தெ-தோம் என்னும் மலைமீது பாதரசக் குழாயை எடுத்துச் சென்றார். சுமார் 1,465 மீட்டர் உயரமுள்ள அம்மலையின் உச்சியில் பாதரசம் ஏறத்தாழ எட்டு சென்டிமீட்டர் தாழ்ந்து நின்றது. உயரம் கூடக் காற்றழுத்தம் குறையும் என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டது.

கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். 2,240 மீட்டர் உயரமுள்ள உதகையில் அது சுமார் 585. ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரமுள்ள லே நகரில் சுமார் 500. அதாவது மூன்றில் இரண்டு பங்கு. மானசரோவர் ஏரிக்கரை சுமார் 4,590 மீட்டர். அங்கே சுமார் 440. கயிலை வலத்தின் மிக உயர்ந்த கணவாயாகிய டோல்மா-லா சுமார் 5,630 மீட்டர். அங்கே நம் ஊர்க் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ பாதிதான் எஞ்சும். காய்ச்சிய நீரே அருந்தும் பழக்கமுடைய நம் தாய்மார்களுக்கு இதனை வேறொரு வகையிலும் சொல்லலாம். மானசரோவரில் தண்ணீர் நூறு பாகையில் கொதிப்பதில்லை. சுமார் 85 பாகையிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அரிசி எளிதில் வேகாது. கொதிநீர் காட்டும் இந்த மாற்றத்தையே நம் நுரையீரலும் உணர்கிறது.

நுரையீரலின் நுண்ணறைகளிலிருந்து பிராணவாயு குருதிக்குள் புகுவது அழுத்த வேறுபாட்டினால் ஆகும். ஏரியில் நீர்மட்டம் உயர்ந்திருந்தால் மதகு வழியே நீர் விசையுடன் பாயும். மட்டம் தாழ்ந்தால் மதகின் அகலம் அதுவேயாயினும் பாய்ச்சல் தளரும். மலைமேல் மதகுக்குக் குறையில்லை. ஏரியின் மட்டமே தாழ்ந்துள்ளது. நலமுடைய நுரையீரலுக்கும் அங்கே இடர்ப்பாடு நேர்வது இதனாலேயே.

இருவகை இளைப்பு

இங்கே ஒரு வேறுபாட்டை அறிந்துகொள்ளுதல் நன்று. பொன்னூர் மலைப் படிகளில் ஏறுகையில் நமக்கு மூச்சு வாங்குகிறது. சம்மேத சிகரத்தில் 27 கிலோமீட்டர் ஏறி, வலம் வந்து, இறங்குகையிலும் மூச்சு வாங்குகிறது. சம்மேத சிகரத்தின் உயரம் 1,365 மீட்டர். அங்கே காற்றழுத்தம் பெரிதும் குறைவதில்லை. அவ்விளைப்பு தசைகளின் உழைப்பால் வருவது; சற்றே அமர்ந்தால் தீர்ந்துவிடும். பயிற்சியால் அதனைக் குறைக்கவும் முடியும். ஆனால் 2,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரங்களில் வரும் இளைப்பு வேறு. அங்கே அமர்ந்திருக்கும்போதும், உறங்கும்போதும் காற்று தளர்ந்ததே. சிகரத்தில் மூன்று முறை வலம் வந்தவர் என்பது கயிலையில் ஒருவருக்குக் காப்பாக அமையாது. நடைப்பயிற்சி காலுக்கும் இதயத்துக்கும் நன்மை தரும். காற்றழுத்தத்தை அது கூட்டாது.

உடல் தரும் விடை

நம் கழுத்தில், மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், அரிசிமணி அளவேயான ஓர் உறுப்பு இருபுறமும் உண்டு. குருதியில் பிராணவாயு குறைவதை முதலில் உணர்வது அதுவே. மூச்சை நடத்துவதில் இவ்வகை உணர்விகளுக்குள்ள பங்கை விளக்கியமைக்காகப் பெல்ஜிய அறிஞர் ஹேமான்ஸுக்கு 1938ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது. உயரத்தை அடைந்த சில நிமிடங்களிலேயே இவ்வுறுப்பு மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. மூச்சு ஆழமாகவும் விரைவாகவும் ஆகிறது. நாம் அதனை "இளைப்பு" என்கிறோம். தாழ்ந்த ஏரியிலிருந்து மிகுதியாக நீர் இறைத்து வயலைக் காக்கும் முயற்சி அது.

ஆயினும் இம்முயற்சிக்கு உடனே ஒரு தடை எழுகிறது. விரைந்து மூச்சு விடுகையில் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. குருதியின் காரத்தன்மை கூடுகிறது. மூளையிலுள்ள மூச்சு மையம் இதனைக் கண்டு, "போதும், மெதுவாக" என்று கடிவாளம் இழுக்கிறது. ஒருபுறம் பிராணவாயுக் குறைவு மூச்சைத் தூண்ட, மறுபுறம் காரத்தன்மை அதனை அடக்குகிறது. இப்பிணக்கைத் தீர்த்துவைப்பவை சிறுநீரகங்கள். அவை பைகார்பனேட் என்னும் காரப்பொருளைச் சிறுநீரில் மெல்ல வெளியேற்றுகின்றன. கடிவாளம் தளர்கிறது, மூச்சு மேலும் ஆழமாகிறது. இதற்குச் சில நாட்கள் தேவைப்படும். சிறுநீரகத்தை எவராலும் விரட்ட இயலாது.

1911ஆம் ஆண்டு அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் பைக்ஸ் சிகரத்தில் ஆல்டேன் முதலிய அறிஞர்கள் தங்கி ஆய்வு செய்தபோது, மேபல் ஃபிட்ஸ்ஜெரால்டு என்னும் பெண்மணி அப்பகுதியின் சுரங்க ஊர்கள்தோறும் சென்று, அங்கு வாழ்வோரின் மூச்சுக்காற்றையும் குருதியையும் அளந்தார். உயரம் கூடக்கூட நுண்ணறைகளில் கரியமில வாயு குறைந்திருப்பதையும், குருதியில் ஹீமோகுளோபின் மிகுந்திருப்பதையும் அவர் கண்டார். உயரத்தில் நீடித்து வாழ்வோர் எப்போதும் நம்மினும் மிகுதியாக மூச்சு விடுகின்றனர் என்பது அதனால் தெளிவாயிற்று.

குருதியின் மாற்றமும் இரு படிகளில் நிகழ்கிறது. முதல் சில நாட்களில் குருதியின் நீர்ப்பகுதி குறைந்து அது செறிவடைகிறது. சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபாய்ட்டின் என்னும் சுரப்பு சில மணி நேரத்தில் கூடினாலும், புதிய அணுக்கள் போதிய அளவில் உருவாகப் பல வாரங்கள் ஆகும். பிராணவாயுக் குறைவை உயிரணுக்கள் எவ்வாறு அறிகின்றன என்பதை வெளிப்படுத்திய கேலின், ராட்கிளிஃப், செமென்சா ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.

நுரையீரலை அளந்து பார்த்தால்

மூச்சுமானியைக் கொண்டு நலமுடையோரை மலைமேல் சோதித்தால் வியப்பான ஒன்று தெரியவரும். காற்று அடர்த்தி குறைந்திருப்பதால் மூச்சுக்குழல்களில் அது எளிதாகப் பாய்கிறது. ஊதும் வேகம் கடல்மட்டத்தைவிடச் சற்றுக் கூடவே செய்கிறது. நுரையீரலின் கொள்ளளவோ முதல் நாட்களில் சிறிதளவே குறைகிறது. ஆகவே துருத்தி பழுதுபடவில்லை. துருத்தி இழுக்கும் காற்றுத்தான் மெலிந்துள்ளது.

விரலில் பொருத்தும் ஆக்சிமீட்டர் கருவியை இன்று அனைவரும் அறிவீர்கள். இங்கே 97, 98 எனக் காட்டும் அக்கருவி, லே நகரில் இறங்கிய நலமுடையவருக்கு 90-ஐ ஒட்டியோ அதற்குச் சற்றுக் கீழோ காட்டும். நம் ஊர் மருத்துவமனையில் அவ்வெண்ணைக் கண்டால் கவலைப்பட வேண்டும். அங்கே அது அவ்வுயரத்திற்கு இயல்பானது. எனவே எண்ணை மட்டும் பார்த்து அஞ்சவும் வேண்டா. எண் நன்றாயிருக்கிறது என்று தலைவலியைப் புறக்கணிக்கவும் வேண்டா.

உறக்கத்திலும் ஒரு மாற்றம் உண்டு. ஆழ்ந்த மூச்சுகள் சில தொடர்ந்து வரும், பின்னர் சில நொடிகள் மூச்சு நின்றதுபோல் அடங்கும், மீண்டும் தொடங்கும். முன்பு கூறிய தூண்டலும் கடிவாளமும் மாறிமாறி வெல்வதால் நேர்வது இது. அருகில் படுத்திருக்கும் துணைவியோ கணவரோ இதனைக் கண்டு திடுக்கிடுவதுண்டு. நலமுடையவரிடம் இது பெரும்பாலும் தீங்கற்றது. உறக்கம் வரவில்லை என்று தூக்க மாத்திரை விழுங்குவதுதான் தவறு. அது மூச்சை மேலும் தளர்த்தக்கூடும்.

காலமே கருவி

காலத்தின் அருமையை இரு வரலாறுகள் காட்டும். 1875 ஏப்ரல் 15 அன்று செனித் என்னும் பலூனில் மூன்று பிரெஞ்சுக்காரர்கள் ஏறினர். சில மணி நேரத்தில் 8,000 மீட்டருக்கும் மேலான உயரத்தை எட்டினர். பிராணவாயுப் பைகள் அவர்களுடன் இருந்தன. ஆயினும் கைகள் செயலற்றுப்போனமையால் அவற்றை உரிய நேரத்தில் பயன்படுத்த இயலவில்லை. பலூன் தரையிறங்கியபோது திசாந்தியே ஒருவரே உயிருடன் இருந்தார். அவர் எழுதிவைத்த குறிப்பிலிருந்து அறியவருவது யாதெனில், அந்நிலையில் துன்ப உணர்வே இல்லை. மகிழ்ச்சி போன்றதொரு மயக்கமே இருந்தது. பிராணவாயு குறைகையில் முதலில் தடுமாறுவது, "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லும் அந்த அறிவேதான்.

மற்றொன்று, 1978 மே 8 அன்று நிகழ்ந்தது. மெஸ்னர், ஹேபெலர் என்னும் இருவர் பிராணவாயு உருளை எதுவுமின்றி 8,848 மீட்டர் உயரமுள்ள எவரெஸ்ட் உச்சியில் நின்று, உயிருடன் இறங்கினர். 1981ஆம் ஆண்டு அவ்வுச்சியில் அளந்தபோது காற்றழுத்தம் 253 மில்லிமீட்டர். கடல்மட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. பலூனில் சென்றோர் மாண்டதைவிடச் சற்று உயர்ந்த இடத்தில் இவர்கள் பிழைத்தது எவ்வாறு? பல வாரங்கள் படிப்படியாக ஏறியும் இறங்கியும் தங்கியும் தம் மூச்சைப் பழக்கியிருந்தனர். அந்த வாரங்களே இவர்களைக் காத்தன.

உடல் ஈடுகொடுக்காதபோது

1962ஆம் ஆண்டுப் போரையொட்டி நம் நாட்டுப் படைவீரர்கள் சமவெளியிலிருந்து இமயத்தின் உயரங்களுக்கு விரைந்து கொண்டுசெல்லப்பட்டனர். இராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவருடைய குழுவினரும் 1,925 வீரர்களிடம் கண்ட மலைநோயைப் பற்றி 1969இல் வெளியிட்ட கட்டுரை உலக மருத்துவத்தில் இன்றும் போற்றப்படுகிறது. அவர்கள் நோயாளிகளோ முதியவர்களோ அல்லர். தேர்ந்தெடுக்கப்பட்ட, உடலுறுதி மிக்க வீரர்கள். இளமையும் உறுதியும் மலைநோய்க்கு வேலியாகா என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மலைநோயின் தொடக்கம் எளியது: தலைவலி, குமட்டல், உணவில் வெறுப்பு, தளர்ச்சி, தலைசுற்றல். உயரத்தை அடைந்த முதல் நாளிலேயே பெரும்பாலும் தோன்றும். அங்கேயே ஓய்வு கொண்டால் ஓரிரு நாட்களில் தணியும். புறக்கணித்து மேலும் ஏறினால் இருவகைக் கேடுகள் நேரலாம்.

முதலாவது, நுரையீரலில் நீர் கோத்தல். உடலின் பிற பகுதிகளில் பிராணவாயு குறைந்தால் குருதிக்குழாய்கள் விரியும். நுரையீரலிலோ அவை சுருங்கும். அதனால் அழுத்தம் மிகுந்து, நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து நுண்ணறைகளை நிரப்புகிறது. பெரும்பாலும் இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள், இரவு வேளையில் இது முற்றும். ஓய்வாக அமர்ந்திருந்தும் இளைப்பு, இருமல், இளஞ்சிவப்பு நுரை கலந்த சளி, நான்கு அடி நடக்கவும் இயலாமை ஆகியவை இதன் அடையாளங்கள். இரண்டாவது, மூளையில் வீக்கம். நடை தள்ளாடும், பேச்சுக் குழறும், அறிவு மயங்கும். இவ்விரண்டுக்கும் தலையாய மருத்துவம் ஒன்றே: காலந்தாழ்த்தாது கீழே இறக்குதல். பிராணவாயுவும் மருந்தும் அதற்குத் துணைசெய்பவை.

பயணம் மேற்கொள்வோருக்கு

3,000 மீட்டருக்கு மேல் சென்றபின், உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாதிருப்பது நல்லது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஒரு நாள் தங்கி இளைப்பாற வேண்டும். லே போன்ற இடத்தில் நேரே விமானத்தில் இறங்குவோர் முதல் இரண்டு நாட்களாவது ஓய்வில் இருத்தல் வேண்டும். பகலில் சற்று உயர ஏறினாலும் இரவில் தாழ்ந்த இடத்தில் உறங்குவது நன்மை தரும். அசெட்டசோலமைடு என்னும் மருந்து சிறுநீரகத்தின் பணியை விரைவுபடுத்தி உடல் பழகுவதற்கு உதவும். ஆயினும் அது எல்லோருக்கும் ஏற்றதன்று. மருத்துவரின் அறிவுரையின்றி உட்கொள்ளலாகாது. இதய நோய், நுரையீரல் நோய் உடையோரும் கருவுற்ற பெண்டிரும் பயணத்தை முடிவுசெய்யும் முன்பே மருத்துவரைக் காண வேண்டும்.

நோன்பு பற்றியும் ஒரு சொல். குளிர்ந்த உலர்காற்றை மிகுதியாக மூச்சு விடுவதால், நாம் அறியாமலே உடல் நீரை இழக்கிறது. நீர் குறைந்தாலும் தலை வலிக்கும். அது மலைநோயா, நீர்க்குறைவா என்று பிரித்தறிவது கடினமாகிவிடும். ஞாயிறு மறைந்தபின் நீரும் அருந்தாதோர் பகற்பொழுதிலேயே வேளை தவறாது அருந்தும்படி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். முழு உண்ணா நோன்பை உயர்நிலத்தில் மேற்கொள்ள எண்ணுவோர் அதனை ஊரிலேயே முடித்துச் செல்வதோ, திரும்பிவந்து தொடங்குவதோ நன்று. இது குறித்து உங்கள் பெரியோரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளியுங்கள்.

அங்கே பிறந்து வாழும் மக்கள் நம் சுமையைத் தூக்கிக்கொண்டு விரைந்து நடப்பர். திபெத்தியரின் உடலில் பிராணவாயுக் குறைவுக்கு ஏற்பப் பரம்பரையாகவே மாற்றங்கள் அமைந்திருப்பதை 2010ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வுகள் காட்டின. பல்லாயிரம் ஆண்டுகளில் அவர்கள் பெற்றதற்கு நாம் ஒரு வாரத்தில் ஈடுகொடுக்க முயலலாகாது.

இறுதியாக, மிக இன்றியமையாதது ஒன்று. குழுவாகச் செல்வோரில் சிலர், "என்னால் பிறர் பயணம் தடைப்படக் கூடாது, இவ்வளவு பொருள் செலவிட்டு வந்துவிட்டுத் திரும்புவதா?" என்று எண்ணித் தலைவலியையும் இருமலையும் மறைத்துவிடுகின்றனர். மறைத்த நோய் இரவில் முற்றுகிறது. ஆகவே புறப்படும் முன்பே குடும்பத்தினர் ஓர் உடன்பாடு செய்துகொள்ளுங்கள்: யாருக்கு என்ன தோன்றினாலும் உடனே சொல்லிவிட வேண்டும், சொன்னவரை எவரும் குறைகூறலாகாது, இறங்க வேண்டியவரைத் தனியே அனுப்பாமல் ஒருவர் உடன் இறங்க வேண்டும். அவ்வாறு உடன் இறங்குபவர் ஒரு மலைவலத்தை இழக்கலாம். ஓர் உயிரைக் காத்தவராவார். கொல்லாமையை முதல் அறமாகக் கொண்ட நமக்கு, இவ்விரண்டில் பெரியது எது என்று நான் சொல்ல வேண்டுவதில்லை.

வீடு திரும்பியதும், பயணம் எண்ணியிருப்போர் ஒரு தாளை எடுத்து, எந்த இரவு எந்த ஊரில், எத்தனை மீட்டர் உயரத்தில் உறங்கப்போகிறீர்கள் என்று வரிசையாக எழுதிப் பாருங்கள். அடுத்தடுத்த எண்களுக்கிடையே பெரும் தாவல் தெரியுமானால், பயண ஏற்பாட்டாளரிடம் கூடுதலாக இரண்டு நாட்கள் கேளுங்கள். செலவு சற்றுக் கூடும். உங்கள் சிறுநீரகங்களும் நுரையீரலும் அந்த இரண்டு நாட்களில் செய்யும் வேலையை வேறெதனாலும் செய்விக்க இயலாது.